ஓட்டில் எது உயிரின் பங்கு?

எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த காலத்தில் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அப்போது அதை யாரிடமும் சொன்னதில்லை. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஓர் உயிரினத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் பெயர் சூட்ட வேண்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் என் பெயரும் ஆண்டும் அச்சேற வேண்டும். விலங்கியல் படிக்கிற பலருக்கும் இந்த ஆசை உண்டு. புலியையும் யானையையும் வைத்துக்கொண்டு அது நிறைவேறாது. அதனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் பக்கம் போனேன். ஓடுடைய அமீபாக்களை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆசை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமீபா என்றதும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த, நிலையான வடிவமே இல்லாத உயிர்தான் நினைவுக்கு வரும். அதே போன்ற ஒற்றைச் செல், தனக்கென்று ஓர் ஓடு கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருந்தால் அது ஓடுடைய அமீபா. ஓட்டுக்கு ஒரு வாய் உண்டு. அந்த வாய் வழியாகப் போலிக்கால்களை நீட்டித்தான் நகரும், இரை பிடிக்கும். பெரும்பாலானவை 20 முதல் 300 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். 1000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். குளத்து வேலம்பாசி, வயல் சேறு, மழைக்காலத்தில் சுவரிலும் மரத்தண்டிலும் மெத்தென்று படரும் மாஸ், காட்டுத் தரையில் மக்கிக்கொண்டிருக்கும் இலைச்சருகு என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் இவை வாழ்கின்றன. செல் செத்துக் கரைந்த பிறகும் ஓடு மட்டும் நெடுங்காலம் கிடக்கும். நாங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் காலி ஓடுகள்தான்.

நான் முதலில் பழகியது அர்செல்லா என்ற பேரினத்தோடு. குளத்தில் அள்ளிய வேலம்பாசியைக் கண்ணாடிக் குவளையில் போட்டு வைத்து, அடியில் படிந்த வண்டலில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மஞ்சளும் பழுப்புமாக வட்டங்கள் தென்படும். வட்டத்தின் நடுவில் இன்னொரு சிறு வட்டம், அதுதான் வாய். பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம். சொட்டை வைக்கும்போது சில ஓடுகள் மல்லாந்து விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒன்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஓட்டுக்குள் ஒரு பக்கத்தில், கறுத்த விளிம்போடு ஒரு வாயுக் குமிழி தோன்றும். குமிழி பெருக்கப் பெருக்க அந்தப் பக்கம் மெல்ல மேலே எழும். ஓடு செங்குத்தாக நிற்கும். போலிக்கால் ஒன்று நீண்டு கண்ணாடியைப் பற்றும். ஓடு சரியான பக்கம் சாய்ந்ததும் குமிழி சுருங்கி மறைந்துபோகும். மூளையோ நரம்போ இல்லாத ஒரே ஒரு செல் இத்தனையும் செய்கிறது. இதை முதன்முதலில் பார்த்த அன்றே, பெயர் வைக்கும் ஆசையைத் தாண்டி வேறு ஒன்று எனக்குள் வேர் பிடித்துவிட்டது.

அர்செல்லாவின் ஓடு அதன் சொந்தத் தயாரிப்பு. புரதத்தால் ஆன மிக நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து அந்த ஓடாகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது பழைய ஓட்டின் வாயோடு வாய் வைத்தபடி புதிய ஓடு உருவாகும். ஒரு செல் பழைய வீட்டிலேயே இருந்துவிடும். இன்னொன்று புதிய வீட்டுக்குப் போகும். புதிய ஓடு நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். நாளாக நாளாக இரும்பும் மாங்கனீசும் ஏறிப் பழுப்பாகும். வாயோடு வாய் ஒட்டிய இணையில் ஒன்று வெளிறியும் மற்றொன்று கறுத்தும் இருப்பதைப் பார்த்தால் எது எந்தத் தலைமுறை என்று கேட்கவே வேண்டாம். ஆக, நிறத்தை வைத்து அர்செல்லாவில் இனம் பிரிக்கக் கூடாது என்பது முதல் பாடம். அது வயதைச் சொல்கிறது, இனத்தைச் சொல்லவில்லை.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? விட்டம், உயரம், வாயின் அகலம், இவற்றுக்கு இடையேயான விகிதம். 1928-இல் பிரான்சின் ஜார்ஜ் டெஃப்லாந்த்ர அர்செல்லா பேரினத்துக்கென்றே தனி நூல் எழுதினார். இன்றைக்கும் அதைத் தொடாமல் யாரும் அர்செல்லாவுக்குப் பெயர் சொல்வதில்லை. மிகத் தட்டையாக இருந்தால் டிஸ்காய்டிஸ், அரைக்கோளமாக உயர்ந்தால் ஹெமிஸ்ஃபெரிக்கா, அகலத்தை மிஞ்சும் அளவுக்கு உயரம் போனால் மிட்ராட்டா, விளிம்பில் பற்கள் வரிசையாக நின்றால் டென்டாட்டா. ஒரே ஓர் ஓட்டைக் கையில் கொடுத்தால் பெயர் சொல்வது எளிது. ஒரே குளத்திலிருந்து நூறு ஓடுகளை எடுத்து அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் தனித்தனியாக நிற்கும் இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே, இடைவெளி என்று நாம் நம்பிய இடத்தில், புள்ளிகள் வந்து நிரம்பும்.

வகைப்படுத்துவதில் உள்ள உண்மையான கேள்வி அங்கேதான் எழுந்தது. ஓர் ஓட்டின் வடிவத்தில் உயிர் தன் மரபிலிருந்து கொண்டுவந்தது எவ்வளவு? அது வாழும் நீரும் மண்ணும் கொடுத்தது எவ்வளவு? இதைப் பிரித்துச் சொல்ல முடிந்தவர்தான் அந்தச் சிற்றினத்துக்குப் பெயர் சொல்லத் தகுதி உள்ளவர்.

டிஃப்ளூஜியாவுக்கு வந்தால் இந்தக் கேள்வி கண்ணெதிரே நிற்கும். 1815-இல் லெக்லெர்க் விவரித்த இந்தப் பேரினம்தான் ஓடுடைய அமீபாக்களில் முதலில் அறிவியல் பெயர் பெற்றது. டிஃப்ளூஜியா ஓட்டுக்கான பொருளை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நுண்மணல் துகள்களையும் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளையும் விழுங்கி உள்ளே சேர்த்து வைக்கும். செல் பிரியும் வேளையில் அவற்றை வெளியே தள்ளி, தானே சுரக்கும் பசையால் ஒட்டிப் புதிய ஓடு கட்டும். 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளோடு விளிம்பு பொருந்தி உட்கார்ந்திருக்கும். பெரிய கற்களின் சந்தில் சிறு கல், சிறு கற்களின் சந்தில் பசை. மணல் பாங்கான ஓடையில் எடுத்த டிஃப்ளூஜியாவின் ஓடு கரடுமுரடாக, ஒளி புகும் படிகக் கற்களால் நிறைந்திருக்கும். களிமண் குளத்தில் எடுத்ததில் துகள்கள் பொடியாக, நடுநடுவே டயாட்டம்கள் செருகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகாத கண் இரண்டு இனம் என்றே சொல்லும்.

இதைப் பற்றி யோசித்தவர்களில் முன்னோடி ஒருவர் இந்திய மண்ணில் பிறந்தவர். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜார்ஜ் சார்லஸ் வாலிக், ராணுவ மருத்துவராக இருந்தவர். அவருடைய தந்தை நத்தானியேல் வாலிக் கல்கத்தா தாவரவியல் பூங்காவை நிர்வகித்தவர். மகன் வாலிக் 1864-இல் எழுதிய கட்டுரை, டிஃப்ளூஜியா வகையறாவில் ஓட்டின் வடிவம் எவ்வளவு தூரம் மாறுகிறது, எதனால் மாறுகிறது என்பதைப் பற்றியது. அதே 1864-இல், பம்பாயில் பல்லாண்டு பணிபுரிந்த மருத்துவர் ஹென்றி ஜான் கார்ட்டர் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் உள்ள நன்னீர் அமீபாக்களைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் ஜோசப் லைடி 48 வண்ணப் படத்தகடுகளோடு தம் பெரும் நூலை வெளியிட்டது 1879-இல். ஜெனீவாவில் யூஜீன் பெனார் தம் நூலை வெளியிட்டது 1902-இல். இந்தத் துறை இந்தியாவுக்குப் பிந்தி வந்து சேர்ந்தது என்று என் மாணவர்கள் நினைக்கும்போதெல்லாம் இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

வாலிக் பெயரிட்ட டிஃப்ளூஜியா கொரோனாவை எடுத்துக்கொண்டுதான் அமெரிக்க உயிரியலாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ் என் கேள்விக்கு விடை தேடினார். கொரோனாவின் ஓடு உருண்டை. வாயைச் சுற்றிப் பற்கள் ஒரே சீராக நிற்கும். பின்பக்கத்தில் முட்கள் உண்டு. சில ஓடுகளில் அவை இருக்கவே இருக்காது, சிலவற்றில் பல இருக்கும். முள்ளின் எண்ணிக்கையை வைத்து இனம் பிரிக்கலாமா? ஜென்னிங்ஸ் ஒற்றைச் செல்லிலிருந்து தொடங்கி, அதன் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தனியே வளர்த்து, ஓடு ஓடாக அளந்தார். 1916-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே தாய்ச் செல்லின் வம்சத்திலேயே முட்களின் எண்ணிக்கையும் நீளமும் ஓட்டின் அளவும் வேறுபட்டன. அந்த வேறுபாடுகளில் ஒரு பகுதி மரபாகவும் இறங்கியது. தேர்ந்தெடுத்து வளர்த்துக்கொண்டே போனால் ஒரே வம்சத்திலிருந்து வேறுபட்ட கிளைகளை உண்டாக்க முடிந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் வெளிவந்த அவருடைய ஆய்வை நான் இன்றும் வகுப்பில் விரிவாகச் சொல்கிறேன். கொரோனாவின் புதிய ஓடு பழைய ஓட்டின் வாயோடு வாய் பொருந்தி உருவாகும்போது, பழைய பற்களின் இடைவெளிகளில்தான் புதிய பற்கள் உருவாகின்றன. ஜென்னிங்ஸ் தாய் ஓட்டின் பற்கள் சிலவற்றை உடைத்துப் பார்த்தார். பிறந்த ஓட்டில் பற்கள் ஒழுங்கு தவறின. அந்தக் கோளாறு அடுத்த தலைமுறைக்கும் போனது. சில தலைமுறைகள் கடந்த பிறகே பற்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. தாய் ஓடு அச்சாக நின்றதால் அதன் குறை பிள்ளை ஓட்டிலும் பதிந்தது.

இதைப் படித்த பிறகு என் கேள்வி இன்னும் கூர்மையானது. ஓட்டில் பங்கு கேட்பவர்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். மூன்று பேர் என்று தெரிந்தது. உயிரின் மரபு ஒன்று, வாழும் இடம் ஒன்று, தாய் ஓடு ஒன்று. ஒரே ஓர் ஓட்டைப் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் பிரித்துவிட யாராலும் முடியாது.

யூக்ளிஃபா, நெபெலா என்ற வேறு இரண்டு பேரினங்கள் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லித் தந்தன. யூக்ளிஃபா மணலை நம்பி இருப்பதில்லை. சிலிக்காவைக் கொண்டு தானே நீள்வட்டச் செதில்கள் செய்துகொள்ளும். வாயைச் சுற்றியுள்ள செதில்களில் மட்டும் பல் வெட்டு இருக்கும். அந்தப் பல் செதிலின் வடிவமும் எண்ணிக்கையும் இனம் அறிய முக்கியமான அடையாளங்கள். நெபெலாவின் ஓட்டிலும் செதில்கள் தெரியும். அவற்றில் பல நெபெலா செய்தவை அல்ல; அது வேட்டையாடித் தின்ற யூக்ளிஃபா போன்ற சிறு அமீபாக்களின் செதில்கள். இரையின் ஓட்டைப் பிரித்துத் தன் ஓடு கட்டுகிறது. ஆகவே நெபெலாவின் மேல் வட்டச் செதில் இருக்கிறதா நீள்வட்டச் செதில் இருக்கிறதா என்று பார்த்தால், அந்த ஓடு கட்டப்படும் முன் என்ன இரை கிடைத்தது என்றுதான் தெரியும். ஓட்டின் மொத்த வடிவம், கழுத்து, வாயின் உதடு, பக்கவாட்டுத் துளைகள் ஆகியவற்றைப் பார்த்தால்தான் அது யார் என்று தெரியும்.

என் சொந்த ஆசைக்குச் சோதனை வந்தது நீலகிரியில். சோலைக்காட்டின் ஓரத்தில் மரத்தண்டில் படர்ந்த மாஸ் எடுத்து வந்திருந்தேன். எங்கள் வேலை முறை எளியது. மாஸைத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் குலுக்கி, முதலில் பெரிய கண் சல்லடையிலும் பிறகு மிக நுண்ணிய கண் சல்லடையிலும் வடிகட்டுவோம். நடுவில் தங்குவதுதான் நமக்கானது. அதில் ஒரு சொட்டு எடுத்து கிளிசரினில் வைப்போம். ஓடு புரண்டுகொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்த உருவத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்க முடியாது. மெல்லிய குச்சியின் நுனியில் ஒட்டிய கண்ணிமை மயிரால் ஓட்டை மெதுவாகத் தள்ளினால் அது கிளிசரினில் உருண்டு பக்கவாட்டைக் காட்டும்.

அன்று அப்படி உருட்டிப் பார்த்ததில் ஒரு சென்ட்ரோபிக்ஸிஸ் என்னை நிறுத்திவிட்டது. சென்ட்ரோபிக்ஸிஸில் வாய் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். மாஸில் சாதாரணமாகக் கிடைப்பது ஏரோஃபிலா என்ற சிற்றினம். இது அதைவிடப் பெரியதாக, வாயின் மேலுதடு முன்னால் தள்ளி நின்றதாக இருந்தது. புத்தகங்களில் உள்ள எந்தப் படத்தோடும் முழுதாகப் பொருந்தவில்லை. அதே ஸ்லைடில் இன்னும் இரண்டு அதே மாதிரி. கை நடுங்கியது என்று சொன்னால் மிகை இல்லை. பெயர்கூட மனசுக்குள் வந்துவிட்டது. அந்த மலையின் பெயரை வைக்க நினைத்தேன்.

அன்று மாலை ஆய்வகத்தில் என்னோடு இருந்தவர் எங்கள் துறையின் மூத்த பேராசிரியை. அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். "மூணு கிடைச்சிருக்கு மேடம்" என்றேன். "மூணை வச்சுப் பேரு வைக்கலாம். நூறை வச்சுத்தான் அந்தப் பேரைக் காப்பாத்த முடியும். போய் அந்த மரத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்து வந்தேன். அதே மரத்தின் அடிப்பக்கம், மேல்பக்கம், நிழல் பக்கம், வெயில் பக்கம், பக்கத்துப் பாறை என்று எல்லா இடத்திலிருந்தும் மாஸ் எடுத்தேன். ஓடு ஓடாக நீளம், அகலம், வாயின் அகலம், உதட்டின் நீட்சி எல்லாம் அளந்தேன். சிறிய ஏரோஃபிலாவிலிருந்து என் பெரிய ஓடு வரைக்கும் படிப்படியாக, எந்த இடத்திலும் அறுபடாமல் ஒரு தொடர் வந்தது. ஈரம் அதிகம் தங்கும் இடத்தில் ஒரு முனை, வறண்ட இடத்தில் மறுமுனை. நான் பெயர் வைக்க நினைத்த அந்த ஓடு, தொடரின் ஒரு முனையில் நின்றது. அந்தத் தொடரை முழுதாக வெளியிட்டேன், புதுப்பெயர் வைக்கவில்லை. அந்த முடிவை எடுத்த இரவில் எனக்கு வருத்தம் இருந்தது. மறுநாள் காலையில் அளவுக் குறிப்பேட்டைத் திறந்தபோது அந்த வருத்தத்தைவிடப் பெரிய நிம்மதி இருந்தது. நான் எழுதிய ஒவ்வோர் எண்ணும் உண்மை என்பதும், இன்னொருவர் அதே மரத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம் என்பதும் தந்த நிம்மதி அது.

புதிய சிற்றினங்களே இனிக் கிடைக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். 2016-இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஓர் அர்செல்லாவை விவரித்தார்கள். உயரமான கூம்புத் தொப்பி வடிவம். டோல்கீன் கதையில் வரும் மந்திரவாதியின் நினைவாக அர்செல்லா காண்டால்ஃபி என்று பெயர். அதுவும் எடுத்தவுடன் வைத்த பெயர் இல்லை. பல ஓடுகளை அளந்து, மற்ற அர்செல்லாக்களோடு ஒப்பிட்டு, இடைவெளி இருக்கிறது என்று காட்டிய பிறகு வந்தது. இடைவெளி உண்மையாக இருக்கும் இடத்தில் புதுப்பெயர் கடமை. இல்லாத இடத்தில் அது பின்னால் வருபவர்களுக்குச் சுமை.

வடிவம் ஒன்றாக இருந்தும் உள்ளே பிரிவுகள் இருக்கலாம் என்பதை டி.என்.ஏ. காட்டியது. வட நாடுகளின் ஸ்ஃபாக்னம் என்ற மாஸ் படர்ந்த சதுப்பில் ஹயலோஸ்ஃபீனியா பப்பிலியோ என்ற அழகான அமீபா வாழ்கிறது. கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் பச்சைப் பாசிச் செல்களை வளர்த்து, அவற்றின் ஒளிச்சேர்க்கையில் பங்கு பெறுகிறது. பார்த்தவுடன் எவரும் சொல்லிவிடும் இனம் என்று பெயர் பெற்றது. 2013-இல் வெளியான ஆய்வு ஒரு மரபணுவின் வரிசையை ஒப்பிட்டு அதற்குள் 12 மரபு வழிகளைப் பிரித்துக் காட்டியது. என் நீலகிரித் தொடரில் பல வடிவம், ஒரே இனம் என்று முடிவுக்கு வந்தேன். பப்பிலியோவில் ஒரே வடிவம், பல வழிகள். அதனால் என் முடிவையும் நான் இறுதியானதாக வைத்துக்கொள்ளவில்லை. வருங்காலத்தில் ஒருவர் அதே மாஸிலிருந்து டி.என்.ஏ. எடுத்து வேறு விதமாகச் சொன்னால், அவர் ஒப்பிட்டுப் பார்க்க என் அளவுகளும் ஸ்லைடுகளும் இருக்கின்றன.

பெரும் பிரிவுகளிலும் டி.என்.ஏ. தலைகீழ் மாற்றம் கொண்டுவந்தது. ஓடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இவை அனைத்தையும் முன்பு ஒரே கூட்டமாக வைத்திருந்தார்கள். அர்செல்லாவின் போலிக்கால் தடித்து, விரல் போல மழுங்கியிருக்கும். யூக்ளிஃபாவின் போலிக்கால் நூல் போல மெலிந்திருக்கும். காலைப் பார்த்தவர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். இன்று அது உறுதியாகிவிட்டது. அர்செல்லாவும் டிஃப்ளூஜியாவும் நெபெலாவும் அமீபோசோவா என்ற பெருங்கிளையில் இருக்கின்றன. யூக்ளிஃபா ரைசேரியா என்ற முற்றிலும் வேறு கிளையில் இருக்கிறது. பரிணாம மரத்தில் அர்செல்லாவுக்கு யூக்ளிஃபாவைவிட மனிதர்களாகிய நாம்தான் நெருங்கிய உறவு. ஓடு கட்டும் கலையை வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே கற்றுக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஓடுகள் பூமியின் நினைவேடு என்பது என் பதில். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், 70 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் குடுவை வடிவ நுண்புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. சூசன்னா போர்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் அவற்றை இன்றைய ஓடுடைய அமீபாக்களோடு ஒப்பிட்டே வகைப்படுத்தினார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சதுப்பு நிலத்தின் கரிமண் அடுக்குகளில் எந்தச் சிற்றினம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எண்ணி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்கியது என்று கணிக்கிறார்கள். ஆர்ச்செரெல்லா ஃப்ளேவம் நிறைந்த அடுக்கு என்றால் அந்தக் காலத்தில் நிலம் நன்றாக நனைந்திருந்தது. கோரித்தியான் டூபியம் கூடினால் வறட்சி.

நம் நீலகிரியிலும் சாண்டிநல்லாவில் அப்படிப்பட்ட கரிமண் இருக்கிறது. அதன் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவநிலையோடு அங்கே தாவரங்கள் எப்படி மாறின என்று இந்திய ஆய்வாளர்கள் 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கரிமண்ணில் கிடைக்கும் ஓடுகளை அது போலப் படிக்க வேண்டுமானால், இன்று அந்த மலையில் எந்த ஈரத்தில் எந்தச் சிற்றினம் வாழ்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஏரோஃபிலாவின் சிறிய முனைக்கு ஒரு பெயரும் பெரிய முனைக்கு இன்னொரு பெயரும் நான் வைத்திருந்தால், பின்னால் வருபவர் அதை இரண்டு இனங்கள் என்று எண்ணி, ஒன்று போய் மற்றொன்று வந்தது என்று வரலாறு எழுதியிருப்பார்.

உலகில் எது எங்கே வாழ்கிறது என்ற கேள்வியும் பெயரை நம்பித்தான் நிற்கிறது. நுண்ணுயிர்கள் எங்கும் பரவியிருக்கும், சூழல்தான் தேர்ந்தெடுக்கும் என்ற கருத்து 1934-இல் நுண்ணுயிரியலாளர் பாஸ் பெக்கிங் சொன்னதிலிருந்து நிலைத்துவிட்டது. அப்போடெரா வாஸ் என்ற ஓடுடைய அமீபா அதற்கு எதிர்ச்சாட்சி. தென் அரைக்கோளத்து மாஸிலும் சதுப்பிலும் தாராளமாகக் கிடைக்கும் அதை, அதே போன்ற இடங்கள் நிறைந்த ஐரோப்பாவில் எத்தனையோ பேர் தேடியும் காணவில்லை. இடுப்பு ஒடுங்கிய அதன் ஓட்டை வேறெதனோடும் குழப்ப முடியாது என்பதால்தான் இந்த வாதம் நிற்கிறது. ஓட்டைப் பார்க்காமல், பட்டியலைப் பார்த்துப் பட்டியல் எழுதும் பழக்கம் எங்கே இருந்தாலும் இப்படிப்பட்ட வாதங்களின் அடித்தளம் ஆடிப்போகும்.

ஒருமுறை என் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டில் சில ஓடுகளுக்குப் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். மதிப்பிட வந்தவர் அதைக் குறையாகச் சொன்னார். முழுப்பெயர் இல்லாவிட்டால் வேலை முடியவில்லை என்றார். அவள் கண் கலங்கிவிட்டாள். "மேம், ஏதாவது ஒரு பேரைப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். "உனக்கு எதுவரைக்கும் தெரியுமோ அதுவரைக்கும் எழுதியிருக்கம்மா. அதுதான் சரி. அளவும் படமும் கூடவே வை" என்றேன். அந்த ஆய்வேடு அப்படியே போயிற்று. அதில் உள்ள படங்களை இப்போதும் எடுத்துப் பார்க்கிறோம்.

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிமுறைப்படி, 1999-க்குப் பிறகு வெளியாகும் புதிய சிற்றினப் பெயருக்கு வகைமாதிரி எது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பெயர் என்பது ஒரு பொருளோடு கட்டிய முடிச்சு; பொருள் தொலைந்தால் பெயரை யாரும் சோதிக்க முடியாது. பெனார் நூறாண்டுகளுக்கு முன் செய்த ஸ்லைடுகள் லண்டனிலும் ஜெனீவாவிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் எந்த ஓட்டைப் பார்த்து எந்தப் பெயர் வைத்தார் என்று சந்தேகம் வந்தால் இன்றும் அந்த ஓட்டையே பார்க்கலாம்.

என் பெயரில் ஒரு சிற்றினமும் இல்லை. என்னிடம் இருப்பவை ஸ்லைடுப் பெட்டிகள். ஒவ்வொரு ஸ்லைடிலும் எடுத்த இடம், நாள், மாஸா மண்ணா நீரா என்ற குறிப்பு, அளவுப் பதிவேட்டின் எண். இந்தத் துறைக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். இதை நிறைவோடு சொல்கிறேன்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் கல்லூரிச் சுவரில் படரும் மாஸில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். எடுத்த இடத்தை முதலில் எழுதுங்கள், பிறகு வரையுங்கள், அளவெடுங்கள், இன்னும் நிறைய ஓடுகளைத் தேடுங்கள்; பெயரைக் கடைசியில் எழுதுங்கள். கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு விலங்கியல் ஆசிரியர் ஓய்வு பெறும்போது அவருடைய ஸ்லைடுகளும் குறிப்பேடுகளும் பழைய சாமான்களோடு வெளியே போய்விடுகின்றன. அவற்றுக்கு ஒரு பூட்டிய அலமாரியும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கொடுங்கள். நம் மலைகளிலும் குளங்களிலும் என்ன வாழ்ந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.